அண்ணனின் இடப்பக்கம்

பார்வைக் கவனத்தைப் பற்றிய என் கணினி வேலையில் எங்கே பிழை இருக்கிறது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூனில் அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், பூசை முடிந்து வந்தவர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கைதட்டல் எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தஞ்சோங் பகாரில் உள்ள அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு மேற்பார்வையாளர். ஒருநாள் காலை முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்தவரைப் பார்த்து அண்ணி சிரித்திருக்கிறார். வலப்பக்கம் வழவழவென்று இருக்கிறது, இடப்பக்கம் அப்படியே நுரை. "என்ன பாதியிலேயே வந்துட்டீங்க?" என்று கேட்டதற்கு, "முடிச்சிட்டேனே" என்றாராம் அண்ணன். அடுத்த அடி வைக்கும்போது இடது கால் மடங்கிவிட்டது. மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம்.

உயிருக்கு ஆபத்தில்லை. சில வாரங்களில் இடது காலுக்குப் பலம் வரத் தொடங்கியது. பேச்சும் கேலியும் பழையபடியே இருந்தன. ஆனால் உலகத்தின் இடப்பாதி அவருக்குக் காணாமல் போயிருந்தது. கண்ணில் குறை எதுவும் இல்லை என்று பரிசோதித்துச் சொன்னார்கள். கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கம் கவனம் செலுத்த மறுக்கிறது. இடப்பக்கம் யாராவது நின்றுகொண்டிருந்தாலும் அவர் பாட்டுக்கு இருப்பார். தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடேன்" என்பார். இடப்பாதி வலப்பக்கம் வரும்படி அண்ணி தட்டைத் திருப்பி வைப்பார். "அட, இருக்கே!" என்று அண்ணன் மறுபடி சாப்பிடுவார்.

என் பிழைப்பே கவனம்தான். தீவின் மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், மனித மூளை எதைப் பார்க்கத் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் குழுவில் வேலை செய்கிறேன். நாம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால் அந்த நகம் மறைக்கிற அளவு இடம்தான் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல். அதனால் அடுத்து எங்கே திரும்புவது என்று மூளை ஓயாமல் முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் கணினி மாதிரியில் ஒரு படத்தைக் கொடுத்தால் அது படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஈர்ப்பு உண்டு. பளிச்சென்ற நிறம், அசைவு, நாம் தேடுகிற பொருளின் சாயல் இதெல்லாம் ஈர்ப்பைக் கூட்டும். கட்டங்களுக்குள் போட்டி நடக்கும். ஜெயித்த இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி தாவும். அந்தப் புள்ளிதான் மாதிரியின் கண். பார்த்து முடித்ததும் அந்த இடத்துக்கு 'பார்த்தாயிற்று' என்று ஒரு தடை விழும், ஈர்ப்பு இறங்கிவிடும், அடுத்த இடம் ஜெயிக்கும். தேக்கா மார்க்கெட்டின் படத்தைக் கொடுத்தால் புள்ளி மாம்பழக் குவியலிலிருந்து விளம்பரப் பலகைக்கும், அங்கிருந்து ஒரு முகத்துக்கும் தாவிக்கொண்டிருக்கும். நம் கண்ணைப் போலவே.

அண்ணன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு, மாதிரியின் இடப்பாதியில் எல்லா ஈர்ப்பையும் குறைத்துப் பார்த்தேன். இடது ஓரத்துக்குப் போகப் போக இன்னும் குறைவு. அண்ணனின் மூளை இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். புள்ளி முதலில் வலப்பக்கம் போனது. சரி. ஆனால் வலப்பக்கத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும், மெதுவாக இடப்பக்கம் வந்துவிட்டது. தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. அண்ணன் வருவதே இல்லை.

மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகும்போது அவருக்கு ஒரு பரிசோதனை வைப்பார்கள். தாள் முழுக்கச் சிறு நட்சத்திரங்கள் அச்சிட்டிருக்கும். எல்லாவற்றையும் வட்டமிடச் சொல்வார்கள். அண்ணன் வலது ஓரத்து நட்சத்திரங்களை வட்டமிடுவார். பிறகு நிறுத்துவார் என்று பார்த்தால் நிறுத்தமாட்டார். வட்டமிட்டதன் மேலேயே திரும்பவும் வட்டமிடுவார், புதிதாகக் கண்டுபிடித்தவர் போல. என் கணினி மாதிரி அப்படி ஒருபோதும் செய்ததில்லை.

இதை எங்கள் குழுத் தலைவரிடம் சொன்னபோது அவர் தெளிவாகவே சொன்னார். "உங்கள் அண்ணனை ஆய்வில் சேர்க்க முடியாது. உங்களால் நடுநிலையாகப் பார்க்க முடியாது. அவர் உங்களுக்கு அண்ணனாகவே இருக்கட்டும்." நியாயமான பேச்சு. அதனால் வீட்டில் நான் அளக்கவில்லை, பதியவில்லை. தங்கையாகப் போய் வந்தேன். ஆனால் பார்க்காமல் இருக்க முடியுமா?

அந்த ஞாயிறு, அண்ணனின் பழைய கூட்டாளி ஒருவர், டாக்சி ஓட்டுகிறவர், அவரை வலுக்கட்டாயமாகக் கீழே அழைத்து வந்திருந்தார். "வலது கை நல்லாத்தானே இருக்கு? அப்புறம் என்ன சாக்கு?" என்று கேரம் பலகையின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மனதுக்குள் பயம். வலப்பக்கத்துக் காய்களை மட்டும் அடித்துவிட்டு, 'முடிஞ்சிருச்சு' என்று சொல்லி எல்லோர் முன்னாலும் அசடு வழிய நிற்கப் போகிறாரே என்று.

அண்ணனுக்கு வெள்ளைக் காய். முதலில் வலது மூலைக் குழியருகே இருந்ததைத் தட்டினார். விழுந்தது. அதற்கு மேலே இருந்ததையும் போட்டார். அந்தப் பக்கம் கிடந்த ஒரே கறுப்புக் காயைக் கூட்டாளி போட்டார். அண்ணன் வலப்பக்கத்தைச் சுத்தமாக்கிவிட்டு நடுவில் இருந்த இரண்டைக் குறிவைத்தார். ஒன்று தவறியது, ஒன்று விழுந்தது. பிறகு ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் நகர்த்தி, இடது பக்கம் பார்த்து, அங்கே தனியாகக் கிடந்த வெள்ளைக் காயை இடது குழிக்குள் தள்ளினார்.

அப்போதுதான் கை தட்டினேன்.

"அண்ணா! அந்தக் காய எப்படிப் பாத்தீங்க?"

"அங்கதானே கெடக்கு. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

"இல்ல இல்ல, ஆடுங்க, ஆடுங்க."

கூட்டாளி முறைத்தார். "தங்கச்சி, நீ வந்ததிலேர்ந்து அவனுக்குத்தான் கை தட்டுற. எனக்கும் கொஞ்சம் தட்டு லா."

அவருக்கும் தட்டினேன். ஆனால் என் தலைக்குள் வேறு ஓட்டம். தாளில் இடப்பக்கம் வராத மனிதர் பலகையில் எப்படி வந்தார்? அதே கண், அதே மூளை, அதே வாரம். என்ன வித்தியாசம்? குழியில் விழுந்த காயைக் கூட்டாளி எடுத்துப் பலகையின் விளிம்புக்கு வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாளில் நட்சத்திரத்தை வட்டமிட்டாலும் அது அங்கேயே இருக்கிறது. பலகையில் அடித்த காய் போய்விடுகிறது! வலப்பக்கம் அவரைத் திரும்ப இழுக்க ஒன்றுமே மிச்சமில்லை.

அப்படியென்றால் அவர் மூளையில் இரண்டு பழுது. இடப்பக்கத்தின் குரல் தணிந்துவிட்டது, அது ஒன்று. இன்னொன்றை நான் யோசிக்கவே இல்லை. 'பார்த்தாயிற்று' என்ற அந்தத் தடை நிற்காமல் ஒழுகிவிடுகிறது. அதனால் பார்த்த நட்சத்திரமே திரும்பத் திரும்பப் புதிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு பழுதும் தனியாக வந்திருந்தால் அவர் எப்படியாவது தப்பித்திருப்பார். இரண்டும் சேர்ந்து அவரை வலது ஓரத்தில் கட்டிப்போட்டுவிட்டன. குறியிட்ட இலக்கு மறைந்துவிட்டால் இப்படிப்பட்ட நோயாளிகள் இடப்பக்கமாக இன்னும் தள்ளிப் போவார்கள் என்று எங்கோ படித்தும் இருந்தேன். படித்ததும் கண்ணால் பார்த்ததும் அதுவரை எனக்குள் சந்தித்துக்கொள்ளவில்லை.

லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினேன். அண்ணியின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். தடை வேகமாகக் கரையும்படி மாதிரியில் மாற்றினேன். நட்சத்திரத் தாளைப் போன்ற ஒரு படத்தைக் கொடுத்தேன். புள்ளி வலது ஓரத்துக்குப் போனது. ஒரு நட்சத்திரம், அடுத்தது, அதற்கடுத்தது, பிறகு முதல் நட்சத்திரத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி அடுத்தது. மறுபடி முதலாவது. அண்ணன் பேனாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போலவே இருந்தது. பிறகு, புள்ளி தொட்ட நட்சத்திரம் அழிந்துவிடும்படி செய்தேன். வலது ஓரம் காலியாகக் காலியாகப் புள்ளி நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது.

நான் போட்ட சத்தத்தில் அண்ணி கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். "என்னாச்சு? யாருக்கு என்ன?"

"அண்ணி, நம்ம அண்ணன் கம்ப்யூட்டருக்குள்ள வந்துட்டாரு!"

"வெளியில இருக்கிற ஒருத்தரச் சமாளிக்கவே எனக்கு நேரம் பத்தல" என்றார் அண்ணி. ஆனாலும் வந்து பார்த்தார். முதலில் ஓட்டியதை அவருக்குத் திரும்பப் போட்டுக் காட்டினேன். புள்ளி முதல் நட்சத்திரத்துக்குத் திரும்பியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமா. இப்படித்தான் செய்யுறாரு" என்று மெல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் என் பக்கத்து மேசைத் தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மலாய்க்காரர், எங்கள் குழுவில் கண்ணசைவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர். எதையும் சுலபத்தில் நம்பமாட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சோறு?"

"என்ன சோறு?"

"உன் அண்ணன் பாதித் தட்டை அப்படியே விட்டுவிடுவார் என்று சொன்னாய். சாப்பிட்ட சோறும் காணாமல்தானே போகிறது, கேரம் காய் மாதிரி? வலப்பாதி காலியானதும் அவர் இடப்பாதிக்கு வந்திருக்க வேண்டுமே. ஏன் வரவில்லை?"

முந்தைய நாளின் சந்தோஷம் முழுவதும் இறங்கிவிட்டது. மாதிரியில் தட்டை வரைந்து ஓட்டிப் பார்த்தேன். புள்ளி சமர்த்தாக இடப்பாதிக்குப் போய்விட்டது. அண்ணன் போகாத இடத்துக்குப் போகும் மாதிரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாலையில் நான் குடியிருக்கும் பாசிர் ரிஸுக்குத் திரும்பும் ரயிலிலும் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்து தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர்க் குவளை வலப்பக்கம். குழம்புக் கிண்ணம் வலப்பக்கம். கைப்பேசி வலப்பக்கம். நான் அவசர அவசரமாக அண்ணியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"அண்ணி, அண்ணனுக்குச் சாப்பாடு வச்சாச்சா?"

"இப்பத்தான் வச்சேன்."

"அவரத் தொந்தரவு செய்யாம, மேசைய மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மேசை முழுசும் தெரியணும்."

படம் வந்தது. நடுவில் தட்டு. அதன் வலப்பக்கம் தண்ணீர்க் குவளை, ரசக் கிண்ணம், அப்பளம், டிஷ்யூ பெட்டி, மருந்து டப்பா, தொலைக்காட்சி ரிமோட். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. அண்ணனுக்கு இடப்பக்கம் தெரியாது என்பதால், அவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் அண்ணி வலப்பக்கமாகவே அடுக்கி வைத்திருந்தார். அதற்கும் அப்பால் தொலைக்காட்சி வேறு ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் சோறு மறைகிறதுதான். ஆனால் இத்தனை பொருளும் மறையாமல் அங்கேயே இருந்து அவரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கின்றன.

மறுநாள் காலையில் அந்தப் படத்தை மாதிரிக்குக் கொடுத்தோம். தோழி என் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டார். புள்ளி தட்டின் வலப்பாதியில் அலைந்தது. அங்கே சோறு குறைந்ததும் குவளைக்குத் தாவியது. ரிமோட். ரசம். மறுபடி குவளை. இடப்பாதிச் சோறு தொடப்படாமல் கிடந்தது.

"இப்போது எல்லாவற்றையும் அழி" என்றார் தோழி.

தட்டைத் தவிர மற்றதை எல்லாம் படத்திலிருந்து நீக்கினேன். புள்ளி வலப்பாதியை முடித்தது. வெளியே போக இடமில்லாமல் அங்கேயே கொஞ்சம் தடுமாறியது. பிறகு நடுவைத் தாண்டி இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இதை நாம் யாரும் மாதிரிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவாகச் சொல்கிறது." பிறகு அவருக்கே உரிய எச்சரிக்கை வந்துவிட்டது. "முதலில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட்டைக் கேள்."

கேட்டேன். மேசையைக் காலியாக வைப்பதில் தவறொன்றும் இல்லை, சிலருக்கு அவர்களும் அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் ஒரு சாப்பாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள் என்று தெரபிஸ்ட் சொன்னார். அன்று மாலையே ஈசூனுக்குப் போனேன்.

அண்ணிக்கு மனமே இல்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டா தண்ணிக்கு என்ன செய்வாரு?"

"கேக்கும்போது நான் கையில கொடுக்குறேன் அண்ணி."

"என்னடா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார் அண்ணன், வெறும் மேசையைப் பார்த்து. தொலைக்காட்சியையும் அணைத்தோம். வலப்பக்கம் வெறும் சுவர் மட்டும் தெரியும்படி அவர் நாற்காலியைத் திருப்பினேன். அண்ணி தட்டை வைத்தார். வலப்பாதியில் சோறும் மீன் குழம்பும். இடப்பாதியில் சோறும் பீட்ரூட் பொரியலும்.

அண்ணன் சாப்பிடத் தொடங்கினார். வலப்பாதி குறைந்துகொண்டே வந்தது. காலியானது. அண்ணனின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. வழக்கமாக இந்த நேரத்தில்தான் இன்னும் போடச் சொல்லுவார். அண்ணியின் கை தட்டைத் திருப்ப நீண்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் வலப்பக்கம் பார்த்தார். சுவர். தட்டைப் பார்த்தார். விரல்கள் தட்டின் நடுவைத் துழாவின. அங்கே ஒட்டியிருந்த சோற்றைச் சேர்த்தன. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயின. விரல் நுனி சிவந்தது.

"பீட்ரூட் வச்சிருக்கியா?" என்றார் அண்ணியைப் பார்த்து. "சொல்லவே இல்ல?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். நான் மேசைக்கடியில் முஷ்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது ஓரத்தில் கொஞ்சம் சோறு மிஞ்சியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதுவரை அவர் போகவில்லை. ஆனால் தட்டை யாரும் திருப்பவில்லை.

அடுக்களையில் அண்ணி என்னிடம் கேட்டார், "அப்ப நான் பக்கத்துல பக்கத்துல வச்சதுதான் தப்பா?"

"தப்பு இல்ல அண்ணி. எட்டுற எடத்துல வைக்கணும்னு நெனச்சீங்க. வேற யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க. நானும்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ரிமோட்ட எங்க வைக்கிறது?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு முறைப்படி நடக்க வேண்டியவை நடந்தன. குழுத் தலைவர் ஒரு திட்டம் எழுதச் சொன்னார். நெறிமுறைக் குழு கேள்விமேல் கேள்வி கேட்டது. ஆய்வுக்கு முன்வந்த, இதே குறையுள்ள தொண்டூழியர்களை என் தோழிதான் பார்த்தார். அவர்கள் யார் எவர் என்றே எனக்குத் தெரியாது. பொருள்கள் மறையும் படம், மறையாத படம், வலப்பக்கம் நெரிசலான படம் என்று மாற்றி மாற்றிக் காட்டி அவர்களின் கண் போகும் வழியைப் பதிவு செய்தார். நான் அதே படங்களுக்கு மாதிரி என்ன சொல்கிறது என்பதை முன்கூட்டியே எழுதி மூடி வைத்திருந்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த அந்தப் பிற்பகலை நான் மறக்கமாட்டேன். எல்லோருக்கும் பொருந்தவில்லை. சிலர் கண்கள் மாதிரியைச் சட்டைசெய்யவே இல்லை. ஆனால் பொருந்தியவர்களிடம் கோடுகள் ஒன்றோடொன்று இழைந்து போயின. தலைவர் உட்காராமலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பொருந்தாதவர்களைப் பற்றி எப்போது சொல்லப் போகிறீர்கள்?" என்றார். அவர் பாராட்டும் விதம் அது.

அண்ணனும் தேறிக்கொண்டே வந்தார். அதற்கு என் மாதிரி காரணமில்லை. காலமும் பயிற்சியும் அண்ணியின் பிடிவாதமும்தான். சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம் என்று அவரே கூப்பிட்டார். ஈசூனில் ரயிலேறி நியூட்டனில் மாறி, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தோம். நான் அவர் இடப்பக்கம் நடந்தேன்.

பஃபலோ ரோட்டில் திரும்பியதும் நான் நடையைக் குறைத்தேன். இங்கே எதைக் காலி செய்வது? வலப்பக்கம் முழுக்கத் தள்ளுவண்டிகள், ஆட்கள், தொங்கும் சாமான்கள், பளபளக்கும் பொட்டலங்கள். அண்ணன் முகம் அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டது. மாதிரியைக் கேட்டால், இந்த மனிதர் இந்தத் தெருவில் இடப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார் என்று அடித்துச் சொல்லும். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"அண்ணே, முருங்கக்கா பிஞ்சு! பாத்துட்டுப் போங்க!"

எங்களுக்கு இடப்பக்கத்துக் கடையிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார். அண்ணன் சட்டென்று திரும்பினார். வலப்பக்கத்துப் பளபளப்பை எல்லாம் விட்டுவிட்டு, இடப்பக்கம், ஒரே வீச்சில், அந்த அம்மாவின் முகத்துக்கு. அங்கிருந்து முருங்கைக்காய்க்கு.

நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் மாதிரிக்குக் காது கிடையாது. இத்தனை நாளும் காது கேளாத ஒன்றை வைத்துக்கொண்டு மனிதரின் கவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்! ஒரு குரல் அந்தப் பக்கத்துக் கட்டங்களை எல்லாம் ஒரேயடியாக உயர்த்திவிடுமா? எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கும்? 'அண்ணே' என்று கூப்பிட்டதாலா, வெறும் சத்தம் என்றாலும் போதுமா?

"அண்ணா, அந்தம்மா கூப்பிட்டப்ப உங்களுக்கு எப்படி..."

"இரு, இரு. மொதல்ல காயப் பாக்க விடு" என்று அண்ணன் ஒரு முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தார். "இது பிஞ்சாம்மா?"

"பின்ன? ஒடிச்சுப் பாருங்க."

அவர்கள் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கைப்பேசியை எடுத்துத் தோழிக்கு, 'நமக்குக் காது வேண்டும், உடனே' என்று தட்டினேன். பதிலுக்கு ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் நின்று வேகவேகமாகத் தட்டத் தொடங்கினேன்.